கண்ணுக்கு ஊசியா, லேசரா?

"பால் மரத்துல வெட்டுக்கோடு வளைஞ்சு தெரியுது." "பேரன் முகத்துல நடுவுல மட்டும் புகை மாதிரி இருக்கு." லயங்களில் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் பலர். வயசாயிட்டா அப்படித்தான் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அவருக்கு இனிப்பு நீர் இருந்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. அது விழித்திரை வீக்கமாக இருக்கலாம்.

கண்ணுக்குள்ளே பின்பக்கம் சினிமாத் திரை போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் விழித்திரை. அதன் நடுப்பகுதியால்தான் எழுத்துப் படிக்கிறோம், ஊசியில் நூல் கோர்க்கிறோம். வருஷக்கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகி நீர் கசியும். நடுப்பகுதி ஊறி வீங்கும். வலியே இருக்காது, அதுதான் பொல்லாதது.

சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை, 40 வயதைத் தாண்டிய சுமார் 3,400 இந்தியர்களின் கண்களைச் சோதித்தார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு விழித்திரை கெட ஆரம்பித்திருந்தது. தேக்கா மார்க்கெட்டில் நாம் பார்க்கும் நம்ம ஆட்கள்தான் இவர்கள்.

இதற்கு வைத்தியம் என்ன? பழையது லேசர். கசியும் இடங்களில் ஒளிக்கதிரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு அடைப்பார்கள். 1985-இல் அமெரிக்க ஆராய்ச்சி முடிவு ஒன்று வந்தது. சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 24 பேருக்குப் பார்வை கணிசமாகக் குறைந்தது. லேசர் செய்தவர்களில் 12 பேருக்குத்தான். ஆனால் லேசர் பெரும்பாலும் இருப்பதைக் காக்கும், போனதை அவ்வளவாகத் திருப்பித் தராது. இது தெரியாமல், "லேசர் வச்சும் ஒண்ணும் தெளியல" என்று பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு.

பிறகு வந்தது ஸ்டீராய்டு ஊசி. டிரையாம்சினலோன் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். வீக்கம் மளமளவென்று வடியும். கேட்கவே ஆசையாக இருக்கிறதல்லவா? 2008-இல் அமெரிக்காவில் 840 கண்களில் இரண்டையும் ஒப்பிட்ட முடிவு வெளியானது. நாலு மாதத்தில் 4 மில்லிகிராம் ஊசி போட்டவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வருஷத்தில் இரண்டும் சமம். இரண்டு வருஷத்தில் லேசர்தான் முந்தியது! அதற்குள் அந்த ஊசி போட்ட கண்களில் நூற்றுக்கு 51-க்குப் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. லேசர் பக்கம் 13-தான். கண்ணழுத்தமும் நூற்றில் 33 கண்களில் நன்றாக ஏறியது. அழுத்தம் ஏறிக் கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பே போய்விடும். ஆகவே, முதல் சில மாதத் தெளிவை மட்டும் பார்த்து எது நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

அதற்காக ஸ்டீராய்டு வீண் என்று ஒதுக்கியும் விடவில்லை. புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்ணுக்குப் புரை பயம் இல்லையே! அப்படிப்பட்டவர்களுக்கு இன்றும் டாக்டர்கள் அதை யோசிப்பதுண்டு. 2010-க்குப் பிறகு வேறு வகை ஊசி முன்னுக்கு வந்துவிட்டது. இரத்தக் குழாய்க் கசிவைத் தூண்டும் பொருளை அடக்கும் மருந்து அது. நடுப்பகுதி வீங்கிப் பார்வை குறைந்தவர்களுக்கு இப்போது பெரும்பாலும் அதுதான் முதலில். ஆனால் ஆரம்பத்தில் மாதம் ஒரு ஊசி என்று திரும்பத் திரும்பப் போகவேண்டும். நாள் சம்பளக்காரருக்கு லேசில் முடிகிற காரியமா?

சிங்கப்பூர் பாலிகிளினிக்குகளில் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். கோளாறு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 1990-இல் திறந்த தேசியக் கண் நிலையம் ஊட்ரம் பக்கம்; லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம். பிள்ளையைப் பார்க்க ஜொகூரிலிருந்து போகும் அப்பா அம்மாவுக்கு அங்கே சலுகைக் கட்டணம் கிடையாது. இங்கேயே அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்குவது மேல்.

டாக்டரிடம் போகும்போது புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கண்ணழுத்தம் உண்டா என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். எந்த ஊசி போட்டாலும் சரி, அடுத்த சில நாளில் கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.