பரோட்டாவுக்கு எந்த பாட்டில்? பட்டாசு வட்டாரத்தில் ஒரு ராத்திரிக் கணக்கு!

விருதுநகர்,-

பொரித்த பரோட்டாவுடன் எதைக் குடிப்பது? பவண்டோவா, பன்னீர் சோடாவா, உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவா? அல்லது சாப்பாட்டுக்கு முன்பே டாஸ்மாக்கில் ஒரு 'குவார்ட்டர்' போட்டுவிட்டு வருவதா?

வெளியூர்க்காரருக்கு இது வெறும் நாக்கு விவகாரம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளிக்கு அப்படி அல்ல. மறுநாள் காலை அவர் கை மருந்தைத் தொட வேண்டும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒயின் இல்லாத ஒயின்ஷாப்

சாப்பாட்டோடு ஒயின் குடிப்பது பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளின் பழக்கம். முதலில் சாப்பாட்டைச் சொல்வார்கள். அதற்குப் பொருத்தமான ஒயினைக் கேட்பார்கள். சர்வர் பாட்டிலைத் திறந்து கிளாசில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல. சரக்கு கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான்! பிறகு ஒரு கிளாசை வைத்துக்கொண்டு ஆற அமரச் சாப்பிடுவார்கள்.

நம் ஊரிலும் 'ஒயின்ஷாப்' உண்டு. உள்ளே போனால் பிராந்தி, ரம், விஸ்கி, பீர். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. ஜனங்கள் வாயில் மட்டும் அது இன்னமும் ஒயின்ஷாப்தான். அங்கே ஒயின் கேட்கிறவர் அபூர்வம். ஜிஞ்சர் பீரில் பீர் இல்லாத கதைதான்.

இத்தனைக்கும் திராட்சைக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்துத் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பன்னீர் திராட்சைப் பந்தல்தான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்று சொல்லப்படுகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அந்தப் பழம் ஒயினுக்கும் ஆகும். ஆனால் நம் ஆட்கள் அதைக் கிலோ கணக்கில் வாங்கிப் பழமாகவே தின்று தீர்க்கிறார்கள்.

மேஜைக்கு ஒயின் வர வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள ஓட்டல் பாருக்குப் போக வேண்டும். சாதாரண பரோட்டாக் கடையில் மது பாட்டிலைத் திறந்தால் மதுவிலக்குச் சட்டம் பாயும். குடித்தவர் மட்டும் அல்ல, இடம் கொடுத்த முதலாளியும் சேர்ந்து மாட்டுவார். கலர் பாட்டிலில் பாதியைக் காலி செய்து, அதில் பிராந்தியை ஊற்றிக்கொண்டு வரும் ஆசாமிகளும் உண்டு. வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

விருதுபட்டி சரக்கு

விருதுநகர் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பரோட்டாவும் அப்படியே அமைந்துவிட்டது. மற்ற ஊர்களில் கல்லில் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். இங்கே எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்து எடுப்பார்கள். பர்மா கடையின் பெயர் வெளி மாவட்டங்கள்வரை பரவியிருக்கிறது. பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, பக்கத்தில் ஒரு சுக்கா வைத்தால் ஆயிற்று.

இத்தனை எண்ணெய்க்கும் காரத்துக்கும் துணை வேண்டாமா? அந்தத் துணையும் இதே ஊரில் பிறந்ததுதான்.

1916-ம் ஆண்டு. அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. பி.வி.எஸ்.கே.பழனியப்ப நாடார் இங்கே சோடாக் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் காளிமார்க். 1950-களின் கடைசியில் பவண்டோ வந்தது. கருஞ்சிவப்பு நிறம். திராட்சை வாசனை. கோலா மாதிரி ஒரு சுருக்.

ஒயினுக்கும் இதற்கும் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். போதை மட்டும்தான் இல்லை!

1993-ல் கோக்கோ கோலா இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் எல்லாம் அதன் கைக்குப் போய்விட்டன. ஊர் ஊராக இருந்த சின்ன சோடாக் கம்பெனிகள் பல காணாமல் போயின. காளிமார்க் கை மாறவில்லை. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1-ந் தேதி முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அப்போது பவண்டோவுக்கு ஏற்பட்ட கிராக்கி கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஏன் பொருந்துகிறது?

எண்ணெய்ப் பண்டத்துக்குப் புளிப்பும் கேஸும் சேர்ந்த பானம் வேண்டும். நாக்கில் படிந்த கொழுப்பை அது கழுவிவிடும். அடுத்த வாய் மறுபடி முதல் வாய் மாதிரி இருக்கும். ஒயின் குடிக்கும் நாடுகளிலும் பொரித்த மீனுக்கு நுரைக்கும் வெள்ளை ஒயினைக் கேட்பது இதே காரணத்தால்தான்.

காரத்துக்குக் கணக்கு வேறு. சாராயச் சத்து காரத்தின் எரிச்சலைக் கூட்டும். இனிப்பு அதைத் தணிக்கும். ஆகவே மிளகு தூக்கலான சுக்காவுக்குப் பிராந்தி எதிரி, பவண்டோ தோழன். வெறும் பரோட்டா, சால்னா என்றால் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா போதும். பன்னீர் சோடாவின் ரோஜா வாசனை கறி வாசனையோடு மல்லுக்கு நிற்கும். அது சாப்பிட்டு முடித்த பிறகு குடிக்க வேண்டிய சரக்கு.

சர்க்கரை வியாதிக்காரர் உஷார்! கோலா வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. அவர்களுக்கு உப்பு சோடாதான் கதி.

பாட்டிலை வாங்கியதும் தேதியைப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குவார்ட்டருக்கு எட்டு மணி நேரம்

இனி அந்த ராத்திரிக் கணக்கு.

பட்டாசு வட்டாரத்தில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை மருந்து. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்கும் வேலையை முடித்துவிட வேண்டும். அதனால் விடிந்தும் விடியாமலும் ஆலை வண்டி வந்து நிற்கும்.

180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயச் சத்து. எடை போட்டால் சுமார் 60 கிராம். மனிதனின் ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராமைத்தான் தீர்க்கும். ஆகவே ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டு இறங்க எட்டு மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குக் கடைசி மடக்கைக் குடித்தவருக்குக் காலை ஐந்தரைக்கும் அது ரத்தத்தில் இருக்கும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிட்டது என்ற நினைப்பு தப்பு. குளித்தாலும் காபி குடித்தாலும் ஈரலின் வேகம் கூடாது.

650 மில்லி சாதாரண பீருக்கு மூன்றரை மணி நேரம். 'ஸ்டிராங்' பீர் என்றால் ஐந்து மணிக்கு மேல். 150 மில்லி ஒயின் ஒரு கிளாசுக்கு இரண்டு மணி நேரம். வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேஜையில் ஒயினோடு உட்கார்ந்திருப்பதற்கும், நம் ஆள் நின்றபடியே இரண்டு மடக்கில் குவார்ட்டரை முடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் வைக்கக் கூடாது என்று 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. மருந்து உராய்ந்தாலே பற்றிக்கொள்ளும். கை நடுங்கக் கூடாது, தட்டு நழுவக் கூடாது.

அதற்காக, விபத்து நடந்தால் உடனே தொழிலாளியின் குடி மேல் பழியைப் போடுவதும் அநியாயம். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் கருகி மாண்டார்களே, அங்கே வெளிவந்தது ஆலையின் விதிமீறல்!

ஞாயிறு இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்குகிறது. பரோட்டாக் கடையில் அடுப்பு இன்னும் அணையவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு செட்டு, ரெண்டு கறுப்பு கலரு!" என்று குரல் போகிறது. கூல் பெட்டியில் கடைசி வரிசை பவண்டோ காலியாகிக்கொண்டிருக்கிறது.