எல்லாம் ஒரே சீராக மங்கினால்?

இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் படம், டோனட் மாதிரி ஒரு வண்ண வளையமாக வரும். ஊசி வழியாக ஏற்றிய கதிரியக்க மருந்து நன்றாகச் சேர்ந்த இடம் பளிச்சென்று தெரியும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால், அங்கே போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. வழக்கமான ஸ்பெக்ட் படத்தில், இருப்பதிலேயே அதிகம் ஒளிரும் இடத்தை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டு மற்றதை அதோடு ஒப்பிடுகிறார்கள். நம்மைப் போல புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு அரேயை அதன் பெரிய எண்ணால் வகுத்தால் 4, 4, 4 என்பதும் 1, 1, 1 என்பதும் ஒன்றாகிவிடும்! மூன்று முக்கியக் குழாய்களிலும் கிட்டத்தட்ட சமமான அடைப்பு இருப்பவருக்கு வளையம் சீராகவே வரலாம். இசிஜி போன்ற வேறு தடயங்கள் காட்டிக்கொடுக்காவிட்டால் ரிப்போர்ட் 'நார்மல்'தான்.

பெட் ஸ்கேன் இங்கேதான் உதவுகிறது. ருபீடியம்-82 என்ற மருந்தின் அரை ஆயுள் சுமார் 75 விநாடிதான். அதை ஏற்றிய நொடியிலிருந்து வரிசையாகப் படமெடுத்து, ரத்தத்தில் அது எவ்வளவு இருந்தது, தசைக்குள் எவ்வளவு போனது என்று இரண்டு வளைவுகளை வரைகிறார்கள். ஒரு கணித மாதிரியை அவற்றோடு பொருத்தினால், ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று நேரடியாக எண் கிடைக்கும். ரத்தம் வேகமாக ஓடும்போது தசையால் ருபீடியத்தை முழுசாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அதற்குத் திருத்தம் போடவேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் விடை கொஞ்சம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சும்மா படுத்திருக்கும்போது அளந்தால் போதாதா? போதாது. கே. லான்ஸ் கூல்ட் குழுவினர் 1974-ல் நாய்களில் செய்த சோதனையில், குழாய் சுமார் 85 சதவீதம் சுருங்கும்வரை ஓய்வுநிலை ஓட்டம் குறையவே இல்லை. கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிடுகின்றன. உச்ச ஓட்டமோ 30 முதல் 45 சதவீதத்திலேயே சரியத் தொடங்கியது. அதனால்தான் அடினோசின் போன்ற மருந்து கொடுத்து, குழாய்களை முழுசாக விரித்துவிட்டு அளக்கிறார்கள்.

உச்ச ஓட்டத்தை ஓய்வு ஓட்டத்தால் வகுத்தால் வருவது 'இருப்பு'. 2-க்குக் கீழே போனால் பொதுவாகக் கவலைதான். ஆனால் வெறும் விகிதத்தை நம்பக்கூடாது. 2.4-ஐ 0.8-ஆல் வகுத்தால் 3. ரத்த அழுத்தம் ஏறி ஓய்வு ஓட்டமே 1.3 ஆக இருப்பவருக்கு, அதே 2.4 சுமார் 1.85 ஆகிவிடும். உச்ச எண்ணையும் தனியாகப் பார்க்கணும்.

இந்த எண்ணால் பெரிய பலன், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தும் நெஞ்சுவலி நிற்காதவர்களுக்கு. பெண்கள் பலர் இந்த வகை. கோளாறு ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கலாம். 'மனப்பிரமை' என்று அனுப்பப்பட்டவருக்கு அந்தக் குறைந்த எண் ஒரு சாட்சி.

எல்லாப் பக்கமும் எண் குறைவாக வந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "காலையில் காபி குடிச்சீங்களா?" காஃபின் அடினோசினை வேலை செய்யவிடாது. டெஸ்ட்டுக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காபி, டீ, கோலா எதுவும் கூடாது என்பது இதனால்தான்.