காற்றுக்கும் எடை உண்டு

பத்துக்குப் பத்து அறை ஒன்றில், கதவைச் சாத்திவிட்டு, ஒரு சாமானும் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். அறை காலி என்றுதான் சொல்வீர்கள். உயரமும் பத்தடி என்றால் அந்தக் காலி அறைக்குள் முப்பது கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோ. தரையிலிருந்து வான்வெளி வரை அடுக்கியிருக்கும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் மண்ணின் மேலும் பத்து டன் எடையோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில்தான் நாம் நடக்கிறோம், தூங்குகிறோம், மூச்சு விடுகிறோம். பாரம் தெரியாதபடி நம்மைப் படைத்தவனின் கருணையை என்ன சொல்ல!

இத்தனை எடையும் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருப்பவர்கள் நாங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரியைத் தாண்டித் தெற்கே முடிவுக்கு வரும் இடத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் ரோடும் ரயிலும் அந்த வாசல் வழியாகத்தான் போகின்றன. காற்றும் அதே வழியாகத்தான் வருகிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பேருந்து ஜன்னலில் பார்க்காத தென் மாவட்டத்துக்காரர் இருக்க முடியாது. அந்த வட்டாரத்தின் மொத்தத் திறன் சுமார் 1500 மெகாவாட். இந்தியாவின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் அது ஒன்று.

அந்த ராட்சதர்களுக்கு முன்னால் என் வீட்டுக் காத்தாடி ஒரு குஞ்சு. மூன்று இறக்கை, இரண்டு மீட்டர் விட்டம், பின்னால் ஒரு வால், கம்பிகள் இழுத்துக் கட்டிய கம்பம். உள்ளே காந்தங்களும் செப்புச் சுருள்களும். கீழே திண்ணையோரம் கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர். அதன் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர்: இந்த நொடியில் எத்தனை வாட், இன்று இதுவரை எத்தனை யூனிட் என்று இரண்டு எண்களைக் காட்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் நோட்டில் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “இன்னைக்கு எவ்வளவு எழுதுச்சு?” என்று கேட்பார். காத்தாடி எழுதுகிறது என்றுதான் அவர் சொல்வார்.

அந்த நோட்டுதான் எனக்குக் காற்றைப் பற்றிய முதல் அதிசயத்தைக் காட்டியது. நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில், அதாவது வேப்பிலை சலசலக்கும் அளவுக்குக் காற்று அடித்தால், இந்த அளவுள்ள யந்திரம் பதினைந்து வாட் தரும். ஒரு எல்.இ.டி. பல்புக்குச் சரி. காற்று இரண்டு மடங்காகி ஆறு மீட்டர் வேகம் பிடித்தால் முப்பது வாட் வரும் என்று மனம் கணக்குப் போடும். வருவதோ நூற்றிருபது. இன்னும் இரண்டு மடங்காகிப் பன்னிரண்டு மீட்டரைத் தொட்டால் தொள்ளாயிரத்து ஐம்பது வாட்டுக்குப் பக்கம். மிக்ஸியே ஓடும். வேகம் நாலு மடங்கு ஏறியது. மின்சாரம் அறுபத்து நாலு மடங்கு ஏறிவிட்டது.

காரணம் எளிமையானது. வேகம் இரண்டு மடங்கானால், ஒரே நொடியில் இறக்கை வட்டத்துக்குள் நுழையும் காற்றும் இரண்டு மடங்கு. அதோடு, அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவும் சுமந்து வரும் ஆற்றல் நாலு மடங்கு. இரண்டையும் நாலையும் பெருக்கினால் எட்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த சூத்திரம்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, ஆடி மாதத்து மத்தியானத்தில் மீட்டரின் எண் இருநூறிலிருந்து எழுநூறுக்குப் பாய்வதைக் கண்ணால் பார்ப்பது வேறு. நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒவ்வொரு நொடியும் முப்பத்தாறு கிலோ காற்று புகுந்து வெளியேறுகிறது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை!

இதே விதியால் சராசரி என்பது காற்றின் விஷயத்தில் பொய் சொல்லும். நாள் முழுவதும் ஒரே சீராக ஆறு மீட்டர் வேகத்தில் அடித்த காற்றும், பாதி நாள் மூன்று, பாதி நாள் ஒன்பது என்று அடித்த காற்றும் சராசரியில் ஒன்றுதான். மின்சாரத்தில் இரண்டாவது நாள் முதல் நாளைவிட முக்கால் பங்கு அதிகம் தரும். நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இரண்டு நாட்கள் இப்படி விழும்போது, ஏதோ மீட்டர் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சரி, இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? கணவாயிலிருந்து என்று சொல்லிவிடலாம். கணவாய் வெறும் கடைசி வாசல்தான். சித்திரை, வைகாசி வெயிலில் வட இந்தியாவின் நிலம் கொதிக்கிறது. அங்கே காற்று லேசாகி மேலே எழும்புகிறது. அதே சமயம் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மஸ்கரீன் தீவுகள் இருக்கும் தென் இந்தியப் பெருங்கடலில் குளிர்காலம்; அங்கே காற்று கனத்து அழுத்தம் கூடி நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் காற்று பூமத்திய ரேகையைக் கடந்ததும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்புகிறது. சோமாலியக் கரையோரம் அது தாழ்வான உயரத்தில் பாயும் பெரும் நதியாகிறது. வானிலையாளர்கள் அதைச் சோமாலி ஜெட் என்பார்கள். அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கேரளத்தில் மழையாகக் கொட்டுகிறது. பிறகு மலைச் சுவர். நெடுகச் சுவர் எழுப்பிய கை, மூன்று இடங்களில் சந்து விட்டிருக்கிறது: முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காடு, தெற்கே செங்கோட்டை, அதற்கும் தெற்கே எங்கள் ஆரல்வாய்மொழி. பல்லடம், உடுமலை, தென்காசி, முப்பந்தல் என்று தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெரும்பாலும் இந்தச் சந்துகளுக்கு எதிரே நிற்பதன் ரகசியம் இதுதான். பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய மாநிலக் காற்றாலைத் திறனுக்கு முதலீடு போட்டவர்கள் பலர். மலையில் வாசல் வைத்தவனுக்கு யாரும் பங்கு கொடுத்ததில்லை!

வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை காற்று சீசன். மேகம் மூடி மாடிச் சோலார் சோர்ந்து கிடக்கும் நாட்களில் காத்தாடி பறந்து பறந்து எழுதும். வெயில் கொளுத்தும் பங்குனியில் அது தூங்கும், சோலார் விழித்திருக்கும். ஒன்று குறைந்தால் ஒன்று நிறையும்படி இந்த இரண்டையும் மாதம் பிரித்துக் கொடுத்த ஏற்பாட்டை எந்த மின்வாரியமும் திட்டமிட்டதில்லை.

நாளுக்குள்ளும் ஒரு ஒழுங்கு உண்டு. இரவில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து அசையாமல் படுத்துவிடும். மேலே ஓடும் காற்றுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோகும். வெயில் ஏறித் தரை சுட்டதும் கீழ்க்காற்று மேலே போகும், மேலே வேகமாய் ஓடிய காற்று கீழே இறங்கி வரும். பெரிய பருவக்காற்று இல்லாத நாட்களில் என் மீட்டர் பதினொரு மணிக்குமேல் சோம்பல் முறித்து எழுவதும் பொழுது சாய்ந்ததும் படுப்பதும் இதனால்தான். நூறு மீட்டர் உயரத்தில் சுற்றும் பெரிய காற்றாலைகளுக்குப் பல இடங்களில் இது தலைகீழ். அவற்றுக்கு ராத்திரிதான் நல்ல வரவு.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு வேறொன்று. வருகிற காற்றின் சக்தி முழுவதையும் எந்த யந்திரமும் பிடுங்கிவிட முடியாது. ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். எல்லாச் சக்தியையும் எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். நின்ற காற்று அடுத்து வரும் காற்றுக்கு வழிவிடாது. மிக அதிகமாக எடுக்க வேண்டுமானால் காற்றை அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு போக விட்டாக வேண்டும். அப்போதும் கிடைப்பது இருபத்தேழில் பதினாறு பங்கு, 59.3 சதவீதம். பொன்னால் இறக்கை செய்தாலும் இதற்கு மேல் ஒரு துளி கிடையாது. என் காத்தாடி போன்றவை முப்பது சதவீதத்தைத் தொட்டாலே நல்ல பிள்ளை. வாங்குகிறவன் போக விடவும் வேண்டும் என்பதைக் கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அது காற்றின் கணிதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது.

காத்தாடியை இறக்கிப் பழுது பார்த்தபோது இறக்கையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். அடியில் அகலம், நுனியில் ஒடுக்கம், அடி முதல் நுனி வரை மெல்லிய முறுக்கு. நுனி வேகமாக ஓடுகிறது, அடி மெதுவாக ஓடுகிறது, அதனால் காற்றை ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு கோணத்தில் சந்திக்க வேண்டும். காற்று நொடிக்கு எட்டு மீட்டரில் அடிக்கும்போது நுனி மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மனிதன் இதைப் படித்துச் செய்தான். எங்கள் பக்கத்து வறண்ட மலைகளில் நிற்கும் தணக்கு மரம் எங்கே படித்தது? அதன் காய்க்கு இரண்டு நீண்ட சிறகு. கிளையை விட்டுப் பிரிந்ததும் சுழன்று சுழன்று இறங்கும். இறங்க நேரமாகும், அதற்குள் காற்று அதைத் தாய்மரத்தின் நிழலைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். குளிர்நாடுகளின் மேப்பிள் விதைக்கு ஒரு சிறகுதான், அதுவும் சுழலும். அந்தச் சிறகின் முன்விளிம்பின் மேல் ஒரு சின்னச் சுழல்காற்று ஒட்டிக்கொண்டு அதைத் தாங்குகிறது என்பதை 2009-இல் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். பறக்கும் பூச்சிகளும் வௌவால்களும் கையாளும் அதே உத்தி அது. விதைக்கு மூளையும் இல்லை, தசையும் இல்லை.

அதே 2009-இல் வெளியான இன்னொரு செய்தி. ஐப்பசி பிறந்தால் என் மீட்டர் சரிந்துவிடும். காற்று திசை மாறும் காலம். அந்தச் சமயத்தில்தான் மாலத்தீவில் லட்சக்கணக்கான தட்டான்கள் வந்து இறங்குகின்றன. நல்ல தண்ணீர்க் குளமே அரிதான தீவுகளில் இவ்வளவு தட்டான் எப்படி என்று அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்தார். இந்தியாவிலிருந்து கிளம்பி, பருவக்காற்றில் ஏறி, கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அவை இளைப்பாறுகின்றன என்பது அவர் சொன்ன விளக்கம். ஒரு தட்டானின் எடை அரை கிராம்கூட இல்லை. எனக்கு யூனிட் தராமல் போகும் காற்று யாருக்கோ கப்பலாகியிருக்கிறது.

வீட்டுக்கு ஒரு காத்தாடி என்பது புதுமை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1887 ஜூலையில் ஸ்காட்லாந்தின் மேரிகர்க் கிராமத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை நிறுத்தி, பேட்டரியில் சேமித்து விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவுக்குத் தருகிறேன் என்றார். அது பிசாசின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் தம் மாளிகைக்குப் பின்னால் பதினேழு மீட்டர் விட்டத்தில், 144 மர இறக்கைகளோடு ஒன்றை எழுப்பினார். நிலவறையில் நானூற்றுக்கு மேல் பேட்டரி ஜாடிகள். அவ்வளவு பெரிய சக்கரம் அதிகபட்சம் தந்தது 12 கிலோவாட். இறக்கை குறைந்து வேகம் கூடினால்தான் மின்சாரத்துக்கு நல்லது என்பதைப் பின்னால் டென்மார்க்கின் பால் லா கூர் கண்டு சொன்னார்.

புயல் வேகத்தில் காற்று அடிக்கும்போது என் காத்தாடியின் வால் மடங்கி, இறக்கை வட்டம் காற்றுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். அப்படி அமைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த எட்டு மடங்கு விதியே அதைப் பிய்த்துவிடும். தென்னையும் ஓலைகளை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிக் காற்றை விட்டுவிடும். வாழைக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது. இலையைக் கிழித்துக்கொண்டு சமாளிக்கும். குலை தள்ளிய பிறகு தலைப்பாரம் தாங்காமல் ஒடிந்துவிடும். என் நோட்டில் நல்ல எண் விழுந்த நாளின் மறுநாள் அண்ணாச்சி வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். “ஒனக்கு வரவு, எனக்குச் செலவு” என்று சிரிப்பார். படைப்பின் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

காத்தாடி வாங்கும் ஆசை வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் காற்றுமானி ஒன்றை வாங்கி, காத்தாடி நிற்கப்போகும் உயரத்திலேயே மாட்டி, ஒரு வருடம் எழுதிப் பாருங்கள். நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மரத்தையும் வீட்டையும்விடப் பத்து மீட்டராவது உயரமான கம்பம் வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் கிடைப்பது கலங்கிய காற்றும் வீட்டுக்கு அதிர்வும்தான். பத்து மீட்டர் கம்பம் இருபதானால், திறந்த வெளியில்கூட மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் கூடும். வருடச் சராசரி நொடிக்கு நாலு மீட்டரைத் தாண்டவில்லை என்றால் அந்தப் பணத்துக்குச் சோலார் தகடு வாங்கிப் போடுங்கள். காற்றுமானியை மட்டும் கழற்றாதீர்கள்.