தானியங்கி ரயில்கள் நின்றுவிடுவது ஏன்? கணினி விளையாட்டு விளக்கும் சிக்னல் பாடம்

பெங்களூரு: பெங்களூரு மெட்ரோவின் ஆர்.வி. சாலை – பொம்மசந்திரா மஞ்சள் வழித்தடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கி வைத்தார். 16 நிலையங்களைக் கொண்ட சுமார் 19 கி.மீ. நீளமுள்ள இத்தடத்துக்கு, ஓட்டுநரின்றி இயங்கும் திறன் பெற்ற ரயில்கள் வாங்கப்பட்டன. எனினும், தொடக்கத்தில் அவை ஓட்டுநர்களுடனேயே இயக்கப்பட்டன.

இத்தகைய தானியங்கி ரயில் நடுவழியில் நின்றால் காரணத்தை எங்கே தேட வேண்டும் என்பதை எளிதாக உணர்த்துகிறது ‘ஃபேக்டோரியோ’ என்னும் கணினி விளையாட்டு. செக் குடியரசின் வூப் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டின் முழுமையான பதிப்பு 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. இதில் தொழிற்சாலைகளை அமைக்கும் ஆட்டக்காரர்கள், தாது, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லத் தானியங்கி ரயில்களை இயக்குகின்றனர்.

வழியில்லை என்றால்...

ரயில் புறப்படாமல் ‘வழியில்லை’ என்ற அறிவிப்பு தோன்றினால், பெரும்பாலும் குறை தண்டவாளத்தில்தான் இருக்கும். இவ்விளையாட்டில் சிக்னல்கள், ரயில் செல்லும் திசைக்கு வலப்புறம் அமைய வேண்டும். ஒருபுறம் மட்டும் சிக்னல் இருந்தால் அது ஒருவழிப் பாதையாகிவிடும். இருவழிப் பயன்பாட்டுக்கு இருபுறமும் எதிரெதிரே சிக்னல் தேவை. நிறுத்தமும் வலப்புறமே இருக்க வேண்டும். முன்னோக்கிய எஞ்சின் மட்டுமே உள்ள ரயில், தானியங்கி முறையில் பின்னோக்கிச் செல்லாது என்பதும் கவனிக்கத்தக்கது.

சந்திப்பில் முட்டுக்கட்டை

சிக்னல்கள் தண்டவாளத்தை ‘பிளாக்’ எனப்படும் பிரிவுகளாகப் பிரிக்கின்றன. ஒரு பிரிவில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம். இவ்விதி மோதலைத் தடுக்கும், நெரிசலைத் தடுக்காது. சந்திப்பைக் கடந்து செல்ல இடமில்லாத ரயில் சந்திப்பிலேயே நின்றால், குறுக்கே வரும் ரயில்களும் நின்றுவிடும். நெரிசலுக்குப் பெயர்பெற்ற பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு போன்ற இடங்களில், அப்பால் இடமில்லாத நிலையிலும் வாகனங்கள் முன்னேறினால் ஏற்படும் சிக்கலுக்கு ஒப்பானது இது.

இதற்குத் தீர்வு ‘செயின் சிக்னல்’ ஆகும். சந்திப்பைவிட்டு வெளியேறும் வழி காலியாக இருந்தால் மட்டுமே இது ரயிலை உள்ளே அனுமதிக்கும். எனவே, சந்திப்பின் நுழைவில் செயின் சிக்னலும், வெளியேறும் இடத்தில் சாதாரண சிக்னலும் அமைக்கப்பட வேண்டும். வெளியேறும் பிரிவு, மிக நீளமான ரயில் முழுவதும் நிற்கும் அளவுக்கு இருத்தல் அவசியம்.

கைமுறை இயக்கத்துக்கு மாற்றி ரயிலை நகர்த்துவது தற்காலிகத் தீர்வே. அப்போது ரயில் சிக்னலுக்குக் கட்டுப்படாது என்பதால் மோதல் நேரலாம். சிக்னல் அமைப்பைத் திருத்தாவிட்டால் முட்டுக்கட்டை மீண்டும் ஏற்படும்.

மெட்ரோவில் எப்படி?

மஞ்சள் வழித்தடத்தில் ‘சிபிடிசி’ எனப்படும், தகவல்தொடர்பு சார்ந்த ரயில் கட்டுப்பாட்டு முறை அமைக்கப்பட்டுள்ளது. இம்முறையில் ரயில் தனது இருப்பிடத்தை ரேடியோ வழியே தொடர்ந்து தெரிவிக்கும். எதுவரை செல்லலாம் என்ற அனுமதியைக் கட்டுப்பாட்டுக் கணினி வழங்கும். ரயில் முன்னேற முன்னேற, அதற்கான பாதுகாப்பு இடைவெளியும் உடன் நகர்வதால் ரயில்களைக் குறைந்த இடைவெளியில் இயக்க முடியும். தொடர்பு துண்டிக்கப்பட்டால் ரயில் நிறுத்தப்படும்.

ஆகவே, தானியங்கி ரயில் நிற்பது எப்போதும் அதன் பழுதைக் குறிப்பதில்லை. முன்னே செல்வது பாதுகாப்பானது என உறுதியாகும்வரை காத்திருப்பதும் அதன் பணியே.