மூங்கில் பாயும் கூரை ஆகும்

பெங்களூரில் பீன்யா ஒரு பெரிய தொழிற்பேட்டை. லேத்துப் பட்டறை, பெயிண்ட் பட்டறை, தையல் கம்பெனி என்று வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலர் இங்கே வேலை செய்கிறார்கள். ஷீட் போட்ட அறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் அந்த அறையில் கண் மூட முடியாது. தலைக்கு மேல் அனல் இறங்கும். மழை வந்தால் தகரத்தில் பறை அடிப்பது போலச் சத்தம்.

ஷீட்டுக்குப் பதில் மரத்தால் கூரை போட முடியுமா? நனைந்தால் மரம் அழுகிவிடுமே என்று தோன்றும்.

வடக்கே இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்ற மலை ஊர் இருக்கிறது. பனி கொட்டும் ஊர். அங்கே பீமனின் மனைவி இடும்பிக்கு ஒரு கோயில் உண்டு. 1553-ல் கட்டியது. அதன் கூரையில் மூன்று அடுக்குகள் மர ஓடு வேய்ந்தவை. மேலே உள்ள பலகை கீழே உள்ள பலகையின் மேல் ஏறி நிற்கும். நாம் ஓடு வேய்வது போலத்தான்.

குளிர் நாடுகளில் சுவருக்கும் இப்படி மர ஓடு அடிப்பார்கள். மரத்தைப் பிளந்தும் ஓடு செய்யலாம், வாளால் அறுத்தும் செய்யலாம். பிளந்தால் நார் அறுபடாது. தண்ணீர் நார் வழியே வழிந்து ஓடிவிடும். அறுத்த பலகை பார்க்க ஒரே அளவாக அழகாக இருக்கும். ஆனால் நார் அறுபட்ட இடத்தில் ஈரம் ஏறும்.

மழை மட்டும் மரத்தை அழிப்பதில்லை. தேங்கி நிற்கும் ஈரம்தான் அழிக்கிறது. அதனால் கூரைக்கு நல்ல வாட்டம் வேண்டும். பலகைக்கு அடியில் காற்றுப் போக வேண்டும்.

தேவதாரு போன்ற மலை மரம் பெரிதாகப் பல பத்து ஆண்டுகள் ஆகும். மூங்கில் மூன்று நான்கு ஆண்டில் முற்றிவிடும். ஆனால் மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தின்ன வண்டு வரும். மூங்கில் உளுத்துப் போகும்.

இதற்கு வழி கண்டது பீன்யாவுக்குப் பக்கத்திலேயே. துமகூரு சாலையில் இந்திய பிளைவுட் தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தில் மூங்கில் பாயிலிருந்து நெளி ஷீட் செய்தார்கள். முதலில் மூங்கிலை மெல்லிய சிம்பாகச் சீவிப் பாய் முடைய வேண்டும். இது கையால் செய்யும் வேலை. பெண்கள் வீட்டில் இருந்தே முடையலாம். பாயைப் பூச்சி மருந்து கலந்த பசையில் முக்கி உலர்த்துவார்கள். பிறகு பல பாய்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நெளிவுள்ள சூடான பிரஸ்ஸில் அழுத்துவார்கள். பசை இறுகி, பாய்கள் ஒரே ஷீட் ஆகிவிடும். நெளிவு இல்லாமல் தட்டையாக அழுத்தினால் சுவருக்கும் தடுப்புக்கும் ஆகும்.

சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மூங்கில் ஷீட்டின் கனம் அதில் பாதிகூட இல்லை. வெயிலின் சூடு சட்டென்று கீழே இறங்காது. மழைச் சத்தமும் குறைவு.

விலை குறைவு என்று பலரும் ஆஸ்பெஸ்டாஸையே போடுகிறார்கள். அதை அறுக்கும்போதும் துளைபோடும்போதும் பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. அது மூச்சில் போய் நுரையீரலில் தங்கிவிடும். நோய் உடனே தெரியாது. 20, 30 ஆண்டு கழித்துக்கூட வரும். புற்றுநோயும் வரலாம். அந்த ஷீட்டின் மேல் கால் வைத்தால் திடீரென்று உடையும். அப்படி விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் பயந்து பிய்க்க வேண்டாம். சும்மா இருக்கும் ஷீட்டில் தூசி அதிகம் வராது. உடைந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே எடுக்க வேண்டும். உலர்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது.

மூங்கில் ஷீட்டிலும் குறை உண்டு. அது தீயில் எரியும். அடுப்புப் புகைபோக்கி அதைத் தொடக் கூடாது. எல்லாக் கடையிலும் கிடைக்காது. அறுத்த விளிம்பிலும் துளையிலும் ஈரம் ஏறும். அங்கே பெயிண்ட் பூச வேண்டும். போல்ட்டை நெளிவின் மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அந்தத் துளை வழியே ஒழுகும்.

இந்த ஷீட்டுக்கு 2004-ல் அரசின் தர விதி வந்தது. அதன் எண் ஐ.எஸ். 15476. வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். பசை சரியில்லாத ஷீட் இரண்டு மழையில் பாய் பாயாகப் பிரிந்துவிடும்.