எஞ்சினில் ‘டக் டக்’ சத்தமா? சிவப்பு விளக்கை முதலில் பாருங்கள்

பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: “எஞ்சின்ல சத்தம் வருது.” ஆனால் பானட்டுக்குள் இருந்து வரும் தட்டல் சத்தம் ஒரே வகை அல்ல. ஒரு ரப்பர் துண்டை மாற்றினால் அடங்கிவிடும் சத்தமும் உண்டு. இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினையே தூக்கிப் போட வேண்டிய சத்தமும் உண்டு. பத்து, பதினைந்து வருடம் ஓடிய சாகா, வீரா, கஞ்சில், மைவி கார்களை நம்பித்தான் நம் குடும்பங்கள் பல வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகின்றன. அவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான விஷயம்.

பயப்பட வேண்டிய சத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து, மரக்கட்டையைச் சுத்தியலால் அடிப்பதுபோல் கனமாக ‘டொக், டொக்’ என்று வரும். எண்ணெய் மிதிக்க மிதிக்கத் தட்டலும் வேகமாகும். சூடேறினால் குறையாது, கூடத்தான் செய்யும். பட்டறைக்காரர்கள் இதை ராட் நோக்கிங் என்பார்கள். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் ராடின் கீழ்முனையில் மெல்லிய உலோகத் தகடாக ஒரு பேரிங் இருக்கிறது. அதற்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் எஞ்சின் எண்ணெய்ப் படலம்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ஒரு விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. எண்ணெய் வராமல் போனால் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிவிடும். பிறகு ஒவ்வொரு முறை பிஸ்டன் இறங்கும்போதும் ராட் தண்டை அடிக்கும். நமக்குக் கேட்பது அந்த அடிதான்.

எண்ணெய் ஏன் வராமல் போகிறது? தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு காரணம் நன்றாகத் தெரியும். செம்மண் சாலையில், செம்பனை லோரிகள் போட்ட பள்ளத்துக்கு நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல் காரின் அடியில் ‘டங்’ என்று இடிக்கும். அங்கேதான் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. வெடிப்பு விட்டாலோ வடிகால் திருகு அடிபட்டாலோ எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போய்விடும். இடி விழுந்த அன்று எதுவும் தெரியாது. சிறிய கார்களில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெய்தான். அதில் ஒரு லிட்டர் போய்விட்டால் என்ன மிச்சம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கசிவே இல்லாமல், பழைய எஞ்சின் தானே எண்ணெயை எரித்துத் தீர்ப்பதும் உண்டு. பின்னால் வருபவர் “உங்க காடி நீலமா புகையுது” என்று சொன்னால் அதுதான் அறிகுறி.

டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. நிறையப் பேர் அதைப் பெட்ரோல் விளக்கு போல நினைத்து, “எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சம்பளம் வந்ததும் ஊத்திக்கலாம்” என்று ஓட்டுகிறார்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால், பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பாதுகாப்பான ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். நிறுத்திவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பதும் கூடாது.

சில நிமிடம் கழித்துக் குச்சியை எடுத்து அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்து, தட்டல் சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால், எண்ணெய் ஊற்றிக் கிளப்பிப் பார்க்கலாம். சில விநாடிக்குள் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலும், தட்டல் கேட்டாலும் திரும்ப அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பல காப்புறுதித் திட்டங்களில் இழுவைச் சேவை சேர்ந்தே வருகிறது, அது தெரியாமலே பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். தட்டல் தொடங்கிய பிறகு எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் தேய்ந்த பேரிங் திரும்பி வராது. அந்த இடத்திலேயே நிறுத்தினால், கிராங்க் தண்டில் கீறல் விழாத நிலையில் பேரிங்கை மட்டும் மாற்றித் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. “வீடு வரைக்கும் போய்டலாம்” என்று ஓட்டினால் தண்டும் போகும். ராட் உடைந்தால் எஞ்சின் பக்கச் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் சத்தம் ஒன்று மேலே இருந்து வருவது. தையல் இயந்திரம் ஓடுவதுபோல் லேசாக, ‘டிக் டிக் டிக்’ என்று இருக்கும். வால்வுகளைத் திறந்து மூடும் பகுதியில் இடைவெளி கூடினால் இப்படி வரும். கேம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் இந்த டிக் ராட் தட்டலைவிடப் பாதி வேகத்தில் கேட்கும். இங்கேயும் முதலில் எண்ணெய் அளவைத்தான் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், நாள்பட்ட எண்ணெயை மாற்றுவதும் வால்வு இடைவெளியைச் சரி செய்வதும் போதுமானதாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற கார் காலையில் கிளப்பியதும் இரண்டு விநாடி டிக் அடித்து அடங்கினால் தூக்கம் கெட வேண்டியதில்லை. எண்ணெய் மேலே ஏற எடுக்கும் நேரம் அது.

மூன்றாவது சத்தம் மேட்டில் கேட்பது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது காரில் ஐந்து பேர், பின்னால் பலகாரம், பைகள், ஏர்கோன் முழு வேகத்தில். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்திலோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போதோ எண்ணெய் மிதித்தால், தகர டப்பாவில் கோலி குண்டு உருட்டுவதுபோல் ‘கிர்ர்ர்’ என்று வரும். சமதரைக்கு வந்ததும் போய்விடும். இதற்குக் காரணம் பெட்ரோல் எரியும் விதம். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் காற்றும் சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடுகின்றன. அந்த அதிர்ச்சி அலை உலோகச் சுவரில் மோதுவதுதான் இந்தச் சத்தம்.

இப்படித் தானாக வெடிப்பதைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ரோன் எண் சொல்கிறது. ரோன் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்குச் சமமாகத் தாங்கும் என்று அர்த்தம். அதில் எரிசக்தி எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதற்கெல்லாம் அந்த எண்ணோடு சம்பந்தமில்லை. உங்கள் கார் கையேடு 95 போதும் என்று சொன்னால், 97 ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. 97 ஊற்றியதும் மேட்டுச் சத்தம் நின்றுவிட்டது என்றால், காரில் வேறு கோளாறு இருக்கிறது, 97 அதை மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரியறையில் கரி படிந்திருக்கலாம், தவறான வகை ஸ்பார்க் பிளக் போட்டிருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து எஞ்சின் அதிகம் சூடாகலாம். ஊசி மேலே ஏறியிருந்தால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் சூட்டைக் கவனியுங்கள்.

இப்போதைய கார்களில் எஞ்சின் மேல் பொருத்திய ஒரு சென்சார் இந்த வெடிப்பைக் கேட்டு, தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். நமக்குச் சத்தம் கேட்காமலே கார் மந்தமாகி, பெட்ரோல் அதிகம் குடிக்கும். சத்தம் வந்தால் உடனே செய்யக்கூடியது சின்ன கியருக்கு மாற்றுவது. பெரிய கியரில் வைத்து அழுத்தி ஏற்றுவதுதான் எஞ்சினுக்குக் கொடுமை. கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

எஞ்சின் மேல் பழி விழும், ஆனால் எஞ்சினோடு சம்பந்தமே இல்லாத சத்தங்களும் இருக்கின்றன. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது ‘டும்’ என்று ஒரே ஓர் அடி, சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டீரிங் நடுக்கம் என்றால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது மட்டும் தட்டினால் அப்சோர்பர் அல்லது லோவர் ஆர்ம். வளைவில் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட். இவற்றுக்கெல்லாம் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு பட்டறையிலும் கேளுங்கள்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற காரைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. தண்ணீரை அழுத்தி ஒடுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதில் மோதி ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

பட்டறையில் “சத்தம் வருது” என்பதோடு நிறுத்தாமல், குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஓடும்போதா, மேட்டிலா வளைவிலா என்று சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து போனால் இன்னும் நல்லது, பட்டறைக்குப் போனதும் சத்தம் ஒளிந்துகொள்வது வழக்கம். ராட் நோக்கிங் என்று சந்தேகப்பட்டால் நல்ல மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் மாறி மாறித் துண்டித்துப் பார்ப்பார். எதைத் துண்டிக்கும்போது தட்டல் குறைகிறதோ, கோளாறு அங்கே. இந்தச் சோதனைகூடச் செய்யாமல் “ஓவர்ஹோல்” என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்ப் பாருங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள், குளிர்ச்சியில் வரும் சத்தம் உங்களுக்குக் கேட்காது. தட்டலை மறைக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றி விற்பதும் பழைய தந்திரம். கால் மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு கண்ணாடியை இறக்கி ஒரு சுவர் ஓரமாக மெதுவாகப் போய்க் கேளுங்கள். எஞ்சின் மாற்றிய கார் என்றால், எஞ்சின் எண் வாகனப் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் மாற்றத்தை ஜேபிஜே-யில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றப் பரிசோதனையில் சிக்கப்போவது வாங்கிய நீங்கள்தான்.