சொந்தக் காசில் ஒரு நூல்



இத்தொடரில் பதிப்புத்துறை பற்றி நான் ஆற்றிய உரையைக் கேட்ட நேயர் ஒருவர் ஒரு வினாவை எழுதி அனுப்பியிருந்தார். “எந்தப் பதிப்பகமும் கேட்காத நூலைத் தானே பணம் போட்டு அச்சிட்டு, தானே சுமந்து விற்கும் எழுத்தாளனுக்கு அந்த உந்துதல் எங்கிருந்து வருகிறது? நானும் அப்படிச் செய்யலாமா?” என்பதே அது. உண்மையில் இவை இரண்டு வினாக்கள். முதலாவது இலக்கிய வரலாற்றைப் பற்றியது. இரண்டாவது அவருடைய சேமிப்புப் பணத்தைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை சொல்லாமல் முதலாவதை மட்டும் சிலாகித்துப் பேசிவிட்டுப் போவது எளிது. நம் மேடைகளில் அதுதான் நடக்கிறது. வானொலியில் நேரமின்மையாற் சொல்ல முடியாதுபோன சிலவற்றையும் சேர்த்து இங்கு தருகிறேன்.

தமிழகத்தைப் போலன்றி, ஈழத்திலே எழுத்தாளனுக்கும் பதிப்பாளனுக்கும் இடையில் வேலி பெரும்பாலும் இருந்ததில்லை. 1960களில் எம். ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு, 1970களில் வீரகேசரிப் பிரசுரம் என விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஆயினும் பொது வழக்கு வேறு. இங்கு எழுதுபவனே பதிப்பாளன், அவனே விநியோகஸ்தன். சில வேளைகளில் அவனே ஒரேயொரு வாசகனும்கூட!

இவ்வழக்கு நேற்று முளைத்ததன்று. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னைக்குப் பயணமானார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை வழங்கியது. நமக்கெல்லாம் பட்டம் நினைவிருக்கிறது. பயணத்தின் நோக்கம் மறந்துபோயிற்று. மிஷனரிமாரிடம் அச்சு இருந்தது, தம்மிடம் இல்லை என்பதே அவரைக் கடல் கடக்க வைத்தது. பாரதியார் 1920இல் தம் எழுத்துக்களையெல்லாம் நாற்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். பணம் சேரவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய திட்டத்தைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது.

ஆயினும் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது, நம்மிற் பலரும் இத்தொடர்பில் நினைத்துப் பார்க்காத ஒருவரைப் பற்றி. அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். பெயர் லெனார்ட் வூல்ஃப்.

1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட இந்த இளம் சிவில் சேவை அதிகாரி ஒரு நாயையும், வோல்ட்டயரின் நூற்றொகுதி ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார். பாஸ்கர்வில் என்ற அழகிய எழுத்துருவில் அச்சான பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பு அது. அவர் தமிழ் படித்தார். பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றினார். 1911இல் விடுமுறையில் நாடு திரும்பியவர் பதவியைத் துறந்தார். 1912இல் வேர்ஜினியாவை மணந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராம மக்களைப் பற்றிய அவருடைய நாவல் 1913இல் வெளிவந்ததை நம்மிற் பலர் அறிவர்.

1917இல் இத்தம்பதியர் இலண்டனில் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கினார்கள். அச்சுத்தொழிலை முறையாகக் கற்க விரும்பினார்கள். ஆனால் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த பயிலுநர்களுக்கு மட்டுமே அங்கு கல்வி. ஆகவே பொறியோடு கிடைத்த ஒரு சிறு கைநூலைப் பார்த்துத் தாமே பழகினார்கள். ரிச்மண்டில் அவர்கள் குடியிருந்த ஹோகார்த் இல்லத்தின் சாப்பாட்டறையே அச்சுக்கூடம். லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கைநடுக்கம். அதனால் வேர்ஜினியா எழுத்துக் கோப்பார். லெனார்ட் பொறியை இயக்குவார். அடிக்கடி நோயுற்ற மனைவியின் மனத்துக்குக் கைவேலை ஆறுதல் தரும் என்ற எண்ணமும் லெனார்டுக்கு இருந்தது.

அவர்களின் முதல் வெளியீடு ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகள் கொண்ட ஒரு சிறு நூல். அச்சிட்டவை ஏறக்குறைய 150 பிரதிகள், விற்றவை 134. செலவு மூன்று பவுண் ஏழு சிலிங், இலாபம் ஏழு பவுண் ஒரு சிலிங். அச்சுப்பொறியின் விலை இக்கணக்கிற் சேரவில்லை. இத்தனை காலத்தின் பின்னும் இந்தச் சிலிங் கணக்கு நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், லெனார்ட் எதையும் எழுதி வைக்கும் பழக்கமுடையவர் என்பதே. நம் எழுத்தாளர்களில் எத்தனை பேரிடம் தம் முதல் நூலின் வரவு செலவு இருக்கிறது?

வேர்ஜினியாவின் முதலிரு நாவல்களையும் வெளியிட்டவர் அவருடைய தாயின் முதல் மணத்துப் பிள்ளையான ஜெரால்ட் டக்வர்த். அந்த மனிதரிடம் தம் கையெழுத்துப் பிரதியை நீட்டுவது வேர்ஜினியாவுக்குப் பெருஞ் சங்கடமாக இருந்தது. அதற்கான காரணங்கள் குடும்பத்துக்குள்ளே புதைந்தவை. இலக்கியத்தை மட்டும் சார்ந்தவையல்ல. 1922இல் வெளிவந்த மூன்றாவது நாவலிலிருந்து அவர் தம் நாவல்களைச் சொந்தப் பதிப்பகத்திலேயே வெளியிட்டார். கதை நிகழ்ச்சியைப் பின்னுக்குத் தள்ளி மனவோட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்த அந்தப் புதிய நடை அங்கேதான் வளர்ந்தது. விரும்பியதை எழுதும் சுதந்திரம் இங்கிலாந்திலே தமக்கு மட்டுமே வாய்த்த பெண் தாம் என்ற கருத்துப்பட 1925இல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். நேயரின் முதல் வினாவுக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை. அனுமதி கேட்கத் தேவையில்லாத ஓரிடம் வேண்டும் என்பதே அந்த உந்துதல்.

ஆனால் பலர் கவனியாத இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. வேர்ஜினியாவின் பிரதியை முதலில் வாசிப்பவர் லெனார்ட். அவருடைய தீர்ப்புக்காக வேர்ஜினியா பரீட்சை எழுதிய பிள்ளைபோலக் காத்திருப்பார். அந்த மூன்றாவது நாவலை வாசித்த லெனார்ட், இதுவரை எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்றார். பாத்திரங்கள் ஆவிகள்போல இருக்கின்றன என்பதையும் சொல்லத் தவறவில்லை. சொந்தப் பதிப்பகம், வாசித்தவர் சொந்தக் கணவர். இருந்தும் குறை சொல்லப்பட்டது. அது நாட்குறிப்பிலும் பதிவாயிற்று.

யாழ்ப்பாணத்தவர்க்கு இன்னொரு செய்தி. 1921இல் இதே பதிப்பகம் வெளியிட்ட லெனார்டின் கீழைத்தேயக் கதைகள் என்ற சிறு தொகுதியில் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட கதையொன்று இருக்கிறது. இரண்டு பிராமணர்கள். ஒருவருக்கு வலைவீசி மீன்பிடிக்கும் ஆசை. மற்றவர் கூலி கொடுக்க மனமின்றித் தம் கிணற்றைத் தாமே தோண்டி மண் சுமக்கிறார். சாதி ஆசாரம் இருவரையும் என்ன செய்தது என்பதே கதை. கச்சேரி மேசையில் இருந்தவர் வேலிக்கப்பாலும் பார்த்திருக்கிறார்.

அதே சாதி ஆசாரத்தின் அடியை நேரே வாங்கிய ஒருவர் யாழ்ப்பாணத்திலே ஒரு சஞ்சிகையைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். டொமினிக் ஜீவாவைச் சொல்கிறேன். 1927இற் பிறந்தவர். பாடசாலையை இடையில் விட்டு, கஸ்தூரியார் வீதியிலிருந்த யோசப் சலூனிலே சிகையலங்காரத் தொழில் செய்தவர். அந்தச் சலூனே தம் சர்வகலாசாலை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற முதற் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. வேறொருவராயின் அந்தப் பரிசோடு திருப்தியடைந்திருப்பார். ஜீவாவோ 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ மாசிகையைத் தொடங்கினார். பிரதிகளைத் தாமே சுமந்து, கூட்டங்களிலும் வீதிகளிலும் நின்று விற்றார். போர்க்காலத்திற் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பின்னரும் விடவில்லை. 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தன. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார்.

எனது கருத்தில், அவரை அவ்வளவு காலம் நிலைத்து நிற்கச் செய்தது தம் எழுத்தை அச்சிற் காணும் ஆசையன்று. அது மட்டுமாயின் நாலு இதழில் தீர்ந்திருக்கும். மல்லிகையின் பக்கங்கள் மலையகத்தவர்க்கும் முஸ்லிம் எழுத்தாளர்க்கும் சிங்களத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புக்களுக்கும் திறந்திருந்தன. அதன் அட்டைகளைப் பிற படைப்பாளிகளின் முகங்களே அலங்கரித்தன. பின்னர் ‘மல்லிகைப் பந்தல்’ வாயிலாகப் பலருடைய நூல்களும் வெளிவந்தன. ஹோகார்த் அச்சகமும் அப்படித்தான். இரண்டாவது வெளியீடே கதரின் மான்ஸ்பீல்டின் கதை. முற்போக்கு அணியில் நின்ற ஜீவாவை எதிரணியினர் சும்மா விட்டதுமில்லை. அந்த வாதப் பிரதிவாதங்கள் அவருக்குத் தீங்கு செய்தன என்று நான் நினைக்கவில்லை.

இனி இரண்டாவது வினா.

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த ஒருவர், இன்று அபிவிருத்தி உத்தியோகத்தர், சில ஆண்டுகளின் முன் ஒரு தடித்த கோவையோடு வீட்டுக்கு வந்தார். 112 கவிதைகள். அச்சகத்தின் மதிப்பீட்டுத் தாளும் கூடவே இருந்தது: ஐந்நூறு பிரதிகள். தாயாரின் சங்கிலியை அடைவு வைக்கப் போவதாகச் சொன்னார்.

“சேர், ஒரு அணிந்துரை எழுதித் தாங்கோ.”

“இதிலை ஏதாவது ஒண்டை வேண்டாமெண்டு ஆராவது சொன்னவையோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை சேர். முகப்புத்தகத்திலை போட்ட எல்லாத்துக்கும் நல்ல வரவேற்பு.”

பிரச்சினை அங்கேதான் இருந்தது. பதிப்பகம் உள்ள நாட்டில் ஒரு பதிப்பாசிரியர் பிரதியைத் திருப்பி அனுப்புவார். எழுதியவன் மனம் நொந்து மறுபடி எழுதுவான். நமக்கு அந்த ஆள் இல்லை. பணம் கொடுத்தால் அச்சகத்தார் எதையும் அச்சிடுவர். அது அவர்கள் தொழில். நண்பர் குறை சொல்லார், அது நட்பு. ஆகவே சொந்தமாக வெளியிடுபவன் தன் நூலைத் தடுக்கக்கூடிய ஒருவரைத் தானே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அணிந்துரைக்கு ஆள் தேடும் முன்னர் இவரைத் தேடுங்கள். நம் நூல்களில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, பதிப்புரை என்று ஐந்து வாசல் கடந்த பின்னரே கவிதை வருகிறது. அவற்றிற் பல நற்சான்றிதழ்கள். வாசித்ததற்கான அடையாளமே இல்லாதவை.

அணிந்துரை எழுதுவதற்குப் பதிலாக, அவரை அறியாத இருவரிடம் கோவையைக் கொடுக்கச் சொன்னேன். ஒருவர் கவிதை எழுதுபவர். மற்றவர் எழுதாமல் வாசிக்க மட்டும் செய்பவர். இந்த இரண்டாமவர் கிடைப்பதுதான் அரிது. ஐந்து மாதங்கள் கழித்து 41 கவிதைகளோடு வந்தார். சற்று வாட்டமாகத்தான் வந்தார். ஆனால் அவர் வாசித்துக் காட்டிய முதற் கவிதையில் முன்பிருந்த பதினெட்டு வரிகளில் ஏழு வரிகளே எஞ்சியிருந்தன. அந்த ஏழும் நன்றாக இருந்தன. இருநூறு பிரதி அச்சிட்டார்; சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. ஒப்புநோக்கியவன் அடியேன். ரகர றகரங்களையும் ணகர னகரங்களையும் அச்சகம் திருத்தித் தரும் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம்.

எத்தனை பிரதி என்பதில் நம்மவர் வீணாகக் கெட்டுப் போகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியைப் பெறும் வர்த்தகப் பிரமுகர் கடித உறையில் வைத்துத் தரும் தொகையும், சிறப்புப் பிரதி வாங்குவோர் தருவதும் அன்றைய செலவை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அன்று மேடையேறி வாங்குபவர் உறவைப் பேணுகிறார். அவரை வாசகராகக் கணக்கிட்டு ஐந்நூறு அச்சிட்டால், முந்நூறு கட்டிலின் கீழே கறையானுக்கு இரையாகும். அச்சுக் கோத்த காலத்தில் நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் கோர்வைக் கூலி ஒன்றே. அதனால் கூடுதலாக அடிப்பது இலாபம் என்றிருந்தது. இன்று கணினி வழியே நூறு பிரதி அடித்து, முடிந்தபின் மேலும் நூறு அடிக்கலாம். கடதாசியும் எப்போதும் கைக்கெட்டும் பொருளாக இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், நான் பாடசாலை மாணவனாயிருந்தபோது, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தன. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ஜீவாவின் தோட்பையை நினைத்துக்கொள்ளலாம். வாசகன் கடைக்கு வரும்வரை காத்திருப்பது நம் நாட்டில் நடவாத காரியம்.

வேறொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துச் சர்வதேச தராதர நூல் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அச்சானதும் இருபது பிரதிகளை விற்பனைக்கென்று எண்ணாமல் ஒதுக்கி வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சொந்தக் காசில் சிறு தொகையாக அச்சான நூலுக்கு இரண்டாம் பதிப்பு வருவதில்லை. ஓரிடத்தில் அழிந்தால் வேறோரிடத்தில் இருந்தால் மட்டுமே உயிர். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இன்று நாம் வாசிக்கும் பழைய ஈழத்து நூல்களுள் எத்தனையோ, யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் தப்பிக் கிடந்த ஒற்றைப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே அந்த இருபதில் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு, பேராதனைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று, கொழும்புக்கு இரண்டு, எண்ணிம நூலகத்துக்கு ஒன்று. மிகுதியை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் வாசகசாலைகளுக்கும், நூலை இரவல் கொடுத்தால் திருப்பிக் கேட்டு வாங்கும் குணமுள்ள நண்பர்களுக்கும் அனுப்புங்கள். இரண்டையாவது கடலுக்கு அப்பால் அனுப்பி வையுங்கள்.